கோல்ட்ஃபிஷ் செவுளில் வெள்ளைப் புள்ளி, மருந்து போட்ட பிறகு மேலேயே நின்று வாயைத் திறந்து மூடுகிறது. என்ன செய்வது?

பெரம்பூர் அப்பா:
வணக்கம். வீட்டில் இரண்டடித் தொட்டி, தண்ணீர் 45 லிட்டர் பிடிக்கும், ஐந்து மாதமாக ஓடுகிறது. இரண்டு ஒராண்டா (தலையில் குல்லா போன்ற சதை வரும் கோல்ட்ஃபிஷ் வகை) இருக்கிறது, ஒன்று முழு ஆரஞ்சு, இன்னொன்று வெள்ளை உடம்பில் சிவப்புக் குல்லா. இதுவரை ஒரு பிரச்சினையும் இல்லை. பத்து நாளைக்கு முன்னால் ஆரஞ்சு மீனின் செவுள் மூடியில் ரவை ஒட்டியதுபோல் வெள்ளைப் புள்ளிகளை என் மகள்தான் முதலில் பார்த்தாள். கடையில் காட்ட போட்டோ எடுத்துக்கொண்டு போனேன். பார்த்த உடனே ஒயிட் ஸ்பாட் நோய் என்று சொல்லி, நீல மருந்து ஒரு பாட்டிலும் ஒரு பாக்கெட் உப்பும் கொடுத்து, "ஃபில்டரை நல்லா கழுவிட்டு மருந்தை ஊத்துங்க" என்றார்கள். அப்படியே செய்தேன். மருந்து ஊற்றி நான்கு நாள் ஆகிறது. புள்ளி போகவில்லை, அப்படியே இருக்கிறது. ஆனால் நேற்றிலிருந்து இரண்டு மீனும் தண்ணீர் மட்டத்திலேயே நின்று வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, சாப்பிடவும் இல்லை. மருந்தை இன்னும் கூட்ட வேண்டுமா? மகள் பள்ளிக்குப் போகும்போதும் தொட்டியைப் பார்த்துவிட்டுத்தான் போகிறாள், சீக்கிரம் சொல்லுங்கள்.

நீலத்துடுப்பு:
ஒயிட் ஸ்பாட்தான் ப்ரோ. ஹீட்டரை 32ல் வைத்து மருந்தை டபுள் டோஸ் போடுங்கள், மூன்று நாளில் ஓடிவிடும். எனக்கு மோலி மீனில் வந்தபோது இப்படித்தான் சரி செய்தேன்.

வாளியும் டியூபும்:
ஐயோ, ஹீட்டரைத் தொடாதீர்கள். ஏற்கெனவே மூச்சுக்குத் தவிக்கிற மீனுக்குச் சூட்டை ஏற்றினால் தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜன் இன்னும் குறையும். மருந்தும் ஒரு சொட்டு கூடாது. முதலில் சில கேள்விகள், பதில் வந்த பிறகு மற்றதைப் பேசலாம்.

புள்ளிகள் செவுள் மூடியில் மட்டுமா, இல்லை வால், முதுகு, உடம்பு என்று எல்லா இடத்திலும் சிதறி இருக்கிறதா? பக்கத் துடுப்பின் முன் ஓரத்தில் வரிசையாக ஏதாவது தெரிகிறதா? வெள்ளை மீனில் ஒரு புள்ளியாவது உண்டா? மீன்கள் கல்லிலோ கண்ணாடியிலோ உடம்பைத் தேய்த்துக்கொண்டு ஓடினவா? ஃபில்டரை எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்? கடைசியாகத் தண்ணீர் மாற்றியது எப்போது?

கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறாளே என்று நினைக்காதீர்கள். இதற்கு நடுவிலேயே ஒரு வேலை செய்யுங்கள்: ஏர் பம்ப் இருந்தால் உடனே போடுங்கள், இல்லாவிட்டால் ஃபில்டரின் வாயை மேலே தூக்கித் தண்ணீர் சலசலவென்று விழுகிற மாதிரி வையுங்கள்.

பெரம்பூர் அப்பா:
ஏர் பம்ப் போட்டுவிட்டேன் அக்கா. டார்ச் அடித்துப் பார்த்தேன். புள்ளி ஆரஞ்சு மீனுக்கு மட்டும்தான், இரண்டு செவுள் மூடியிலும் இருக்கிறது. நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன், பக்கத் துடுப்பின் முன் கம்பியில் சின்னச் சின்ன மணி கோத்ததுபோல் வரிசையாக இருக்கிறது. உடம்பில், வாலில் எதுவும் இல்லை. தேய்த்துக்கொண்டு ஓடி நான் பார்க்கவில்லை, ஆனால் ஆரஞ்சு வெள்ளையைத் துரத்திக்கொண்டே இருந்தது, விளையாடுகிறது என்று நினைத்தோம். ஸ்பாஞ்சை குழாய்த் தண்ணீரில்தான் கழுவினேன், அழுக்குப் போகிற வரைக்கும் பிழிந்து பிழிந்து, வாங்கிய அன்று இருந்த மாதிரி ஆகிவிட்டது. மருந்து வீணாகுமே என்று தண்ணீர் மாற்றவே இல்லை.

வாளியும் டியூபும்:
சரி, விஷயம் புரிந்துவிட்டது. உங்கள் மீனுக்கு அன்றைக்கு நோயே இல்லை.

அது ஆண் கோல்ட்ஃபிஷ். இனப்பெருக்கப் பருவத்தில் ஆணுக்குச் செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன் கம்பியிலும் இப்படித்தான் வெள்ளை மணிகள் வரும், பெண்ணைத் துரத்துவதும் அதே காரணத்துக்காகத்தான். உண்மையான ஒயிட் ஸ்பாட் ஓர் ஒட்டுண்ணி. அது இடம் பார்த்து வரிசை கட்டி உட்காராது, வால், முதுகு, துடுப்பு என்று உப்புத் தூவினாற்போல் தாறுமாறாக வரும். இன்னொன்றும் இருக்கிறது. நம் ஊர் வெயிலில் அந்த ஒட்டுண்ணி மீனின் தோலில் சில நாள்தான் இருக்கும், வளர்ந்ததும் உதிர்ந்து கீழே போய்ப் பெருகி, நூற்றுக்கணக்கில் திரும்ப நீந்தி வரும். நீந்துகிற அந்த நேரத்தில்தான் மருந்து அதைக் கொல்லும். அதனால் புள்ளி மறையும், பிறகு இரண்டு மடங்காக வரும், பக்கத்து மீனுக்கும் வரும். பத்து நாளாக அதே இடத்தில் அதே எண்ணிக்கையில் நிற்கிற புள்ளி ஒயிட் ஸ்பாட் ஆகாது.

இப்போது மீன் மூச்சு வாங்குவதற்குக் காரணம் வைத்தியம். மீன் செவுள் வழியாகவே அமோனியாவை வெளியே விட்டுக்கொண்டு இருக்கும், அதைத் தின்று நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா குடியிருப்பது உங்கள் ஸ்பாஞ்சில்தான். குளோரின் இருக்கிற குழாய்த் தண்ணீரில் பிழிந்தபோது பாதி செத்திருக்கும், மிச்சத்தை அந்த நீல மருந்து, அதாவது மெத்திலீன் ப்ளூ, பார்த்துக்கொண்டது. ஐந்து மாதத் தொட்டி ஒரே நாளில் புதுத் தொட்டி ஆகிவிட்டது. அதில் 45 லிட்டருக்கு இரண்டு ஒராண்டா. (தொட்டி சிறிது என்பதைப் பிறகு தனியாகத் திட்டுகிறேன்.)

இன்றைக்கே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் ஆன்டி குளோரின் (குளோரினை முறிக்கிற மருந்து) போட்டு, கையை விட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே சூடாக இருக்க வேண்டும். ஆனால் மாற்றும் முன் தொட்டித் தண்ணீர், குழாய்த் தண்ணீர் இரண்டின் பிஎச்சையும் (அமில, காரத் தன்மையின் அளவு) பாருங்கள். தொட்டி 6.5லும் குழாய் 8லும் இருந்தால் மொத்தமாக மாற்றக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான், ஏனென்றால் அமிலத் தண்ணீரில் அடங்கிக் கிடக்கிற அமோனியா பிஎச் ஏறியதும் விஷமாக மாறிவிடும். 30 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் விஷ வடிவத்தில் இருக்கும், 8 என்றால் ஏழு பங்குக்கு மேல்.

தீனி மூன்று நாளைக்கு வேண்டாம். கோல்ட்ஃபிஷ் பட்டினியால் சாகாது. ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு பை போட்டால் நீலத்தை இழுத்துவிடும். அமோனியா அளக்கிற டெஸ்ட் கிட் வாங்கினால் சொட்டு விடுகிற வகையாகப் பாருங்கள், தண்ணீர் நீலமாக இருக்கும் வரை அது காட்டும் நிறத்தை அப்படியே நம்பாதீர்கள்.

கொளத்தூர் பண்ணை:
அக்கா சொன்னதுதான் சரி. ஆண் மீனுக்கு வருகிற மணியைப் பார்த்து மருந்து வாங்கிக்கொண்டு போகிறவர்களை மாதத்துக்கு நான்கு பேராவது பார்க்கிறேன், எங்கள் தொழிலிலும் அவசரமாக மருந்து எடுத்துக் கொடுக்கிற பழக்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. சார், பெரம்பூரிலிருந்து எங்கள் ஏரியா பக்கம்தான். என் வீட்டுத் தொட்டியில் ஒரு வருடமாக ஓடுகிற ஸ்பாஞ்ச் ஒன்று தருகிறேன், பண்ணைத் தொட்டியிலிருந்து இல்லை, ஆறு மாதமாகப் புது மீன் விடாத தொட்டி. அதே தண்ணீரில் போட்டு ஈரமாகவே கொண்டுபோய் உங்கள் ஃபில்டரில் சொருகிவிடுங்கள், வழியில் காய்ந்தால் பிரயோஜனம் இல்லை. அப்புறம், லிட்டருக்கு 3 கிராம் கல்லுப்பு போடுங்கள், மீனுக்குத் தெம்பு வரும்.

மஞ்சள்வால்:
எங்கள் பாட்டி மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை போடுவார்கள், பாதாம் இலையும் போடுவோம். எதுவாக இருந்தாலும் சரியாகும். கெமிக்கல் எல்லாம் எதற்கு?

வாளியும் டியூபும்:
பாதாம் இலை ஃபைட்டர் மீனுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அமோனியாவுக்கு மஞ்சளும் கேட்காது இலையும் கேட்காது. இலை அழுகினால் இருக்கிற பாரம் கூடும், அவ்வளவுதான்.

கொளத்தூர் அண்ணா, ஸ்பாஞ்ச் கொடுப்பதற்கு நூறு கும்பிடு, அதில் குடியிருக்கிற பாக்டீரியாதான் இங்கே உண்மையான மருந்து. உப்பில் மட்டும் கொஞ்சம் மாறுபடுகிறேன். அமோனியாவை உப்பு ஒன்றும் செய்யாது. அடுத்து வரப்போகிற நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் ஏறாமல் தடுப்பதற்குத்தான் அது வேண்டும், அதற்கு லிட்டருக்கு 1 கிராம் போதும். கடைப் பாக்கெட்டில் எவ்வளவு ஏற்கெனவே போயிருக்கிறது என்றே தெரியாது. பெரம்பூர் சார், பாதித் தண்ணீரை மாற்றிய பிறகு எடை போட்டு 20 கிராம் கரைத்து ஊற்றுங்கள், போதும். உப்பு ஆவியாகப் போகாது, இனிமேல் வெளியே எடுத்த தண்ணீருக்கு உரிய அளவை மட்டும் சேர்த்தால் சரி.

பெரம்பூர் அப்பா:
நிலவரம் சொல்கிறேன். தொட்டியும் குழாயும் இரண்டுமே பிஎச் 8 காட்டியது, அதனால் பயமில்லாமல் பாதி மாற்றினேன். மறுநாள் காலை மறுபடி பாதி. அதற்குப் பிறகு பார்த்தபோதே அமோனியா லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கும் 2க்கும் நடுவில், அப்படியானால் முதலில் எவ்வளவு இருந்திருக்குமோ. கொளத்தூர் அண்ணா வீட்டுக்குப் போய் ஸ்பாஞ்சை வாங்கி, டிபன் பாக்ஸில் தண்ணீரோடு கொண்டுவந்தேன், கரி பிடித்த தேன்கூடு மாதிரி இருந்தது. இதையா ஃபில்டரில் போடுகிறாய் என்று வீட்டில் ஒரே கேள்வி.

வெள்ளை மீன் இரண்டாம் நாள் ராத்திரி போய்விட்டது. அதுதான் சின்னது. மகளுக்குச் சொல்வதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது, மாடித் தொட்டிச் செம்பருத்திக்கு அடியில் புதைத்தோம். ஆரஞ்சு நேற்று மதியத்திலிருந்து கீழே இறங்கிக் கல்லைக் கொத்த ஆரம்பித்திருக்கிறது.

நீலத்துடுப்பு:
ஸாரி சார். நான் படிக்காமலே பதில் போட்டுவிட்டேன். என் மோலிக்கு வாலில்தான் இருந்தது.

வாளியும் டியூபும்:
வெள்ளைக்காக வருத்தமாக இருக்கிறது. கீழே இறங்கிக் கொத்துகிறது என்றால் ஆரஞ்சு பிழைத்துவிடும். அமோனியா 0.25க்குக் கீழே வருகிற வரை தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள், கிட்டில் நைட்ரைட்டையும் சேர்த்துப் பாருங்கள். தீனி ஆரம்பிக்கும்போது நாளைக்கு ஒரு வேளை, நான்கு தீனி உருண்டை, அவ்வளவுதான்.

பெரம்பூர் அப்பா:
பன்னிரண்டாம் நாள். அமோனியா பூஜ்யம், நைட்ரைட் நடுவில் 0.5 வரை போய் இன்று அதுவும் பூஜ்யம். மீன் நன்றாகச் சாப்பிடுகிறது, செவுளில் மணி இன்னும் அப்படியே இருக்கிறது, மகள் அதற்குக் கம்மல் என்று பெயர் வைத்துவிட்டாள். ஆனால் புதிதாக ஒன்று: வால் ஓரத்திலும் வயிற்றுத் துடுப்பிலும் கண் மை தடவியதுபோல் கறுப்பாகத் திட்டு வந்திருக்கிறது. கடையில் காட்டப் போகவில்லை, நேராக இங்கேதான் வந்தேன். அப்புறம், இனிமேல் ஸ்பாஞ்சை எதில் கழுவுவது?

வாளியும் டியூபும்:
கோல்ட்ஃபிஷுக்கு அமோனியாவில் வெந்த தோல் ஆறும்போது இப்படித்தான் கறுக்கும். சில வாரத்தில் தானாக மங்கிவிடும், எதையும் ஊற்றாதீர்கள். தண்ணீர் நன்றாக இருக்கும்போதே புதிது புதிதாகக் கறுப்பு ஏறினால் மட்டும் இங்கே போட்டோ போடுங்கள்.

ஸ்பாஞ்சை, தண்ணீர் மாற்றும்போது வெளியே எடுத்த தொட்டித் தண்ணீர் வாளியில் இருக்கும் இல்லையா, அதிலேயே இரண்டு தடவை பிழிந்து அப்படியே திரும்ப வையுங்கள். இப்போது இரண்டு ஸ்பாஞ்ச் இருப்பதால் ஒரே நாளில் இரண்டையும் கழுவாதீர்கள். பிழிந்த பிறகும் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். வாளித் தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருக்கிறது, அதைச் செம்பருத்திக்கு ஊற்றாதீர்கள், உப்பெல்லாம் மாறிப் போன பிறகு ஊற்றலாம்.