நட்சத்திர வீரர் அணி மாறலாமா? ஃப்ரீ ஏஜென்சியில் பார்த்தவை

வலைவிளிம்பு:

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வின் நட்சத்திரம் கெவின் டுராண்ட், ஒப்பந்தம் முடிந்து எந்த அணியிலும் சேரலாம் என்ற நிலையில் (இதுதான் ஃப்ரீ ஏஜென்சி), 2016 ஜூலை 4 அன்று ஓக்லஹோமா சிட்டியை விட்டு கோல்டன் ஸ்டேட்டுக்குப் போவதாக அறிவித்ததை இன்றும் துரோகம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் போனது சரி என்பது என் கட்சி. ஆனால் அந்த மாற்றம் எப்படிக் கூடிவந்தது என்று பார்த்தால், அடுத்து வருகிறவர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற முடியாது என்பதும் தெரியும்.

முதலில் சேலரி கேப், அதாவது ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் வரம்பு. புது டிவி ஒப்பந்தப் பணம் மொத்தமாக உள்ளே வந்ததால் கேப் ஒரே வருஷத்தில் 7 கோடி டாலரிலிருந்து 9 கோடியே 41 லட்சத்துக்குத் தாவியது. ஏற்றத்தைச் சில வருஷங்களுக்குப் பிரித்துவிடலாம் என்று லீக் சொன்னதை வீரர் சங்கம் ஏற்கவில்லை. அடுத்தது கோல்டன் ஸ்டேட்டின் ஸ்டெஃப் கரி. கணுக்கால் காயங்கள் தொடர்ந்த நேரத்தில், 2012-இல், 4 வருஷத்துக்கு 4.4 கோடி என்று கையெழுத்துப் போட்டவர். அடுத்தடுத்து இரண்டு முறை எம்விபி (சீசனின் மிகச் சிறந்த வீரர்) விருது வாங்கிய பிறகும் 2016-17-இல் அவர் சம்பளம் 1 கோடியே 21 லட்சம்தான். தாவிய கேப்பும் மலிவான கரியும் ஒரே கோடையில் சேர்ந்துகொண்டன. அப்படியும் இடம் பற்றாமல் ஹாரிசன் பார்ன்ஸைத் தக்கவைக்கும் உரிமையைக் கைவிட்டார்கள், ஆண்ட்ரூ போகட்டை டல்லஸுக்கு அனுப்பினார்கள்.

டுராண்ட் போட்ட ஒப்பந்தம் 2 வருஷம், 5 கோடியே 43 லட்சம். முதல் வருஷம் முடிந்ததும் விலகிக்கொள்ளும் உரிமை அவர் கையில். பலர் கவனிக்காத சிக்கல் இதில்தான் இருக்கிறது. ஃப்ரீ ஏஜென்சியில் அணி மாறாமல் 3 சீசன் ஆடியவருக்குத்தான் முழு 'பேர்ட்' உரிமை. கேப்பைத் தாண்டியும் அவருக்கு உச்சபட்சச் சம்பளம் கொடுக்கலாம். ஒரே சீசன் ஆடியவருக்கு முந்தைய சம்பளத்தில் 120 சதவீதம்தான் எல்லை. 2017-இல் டுராண்டுக்கு அந்த எல்லை சுமார் 3.18 கோடி, அவர் கேட்கக்கூடிய உச்சபட்சமோ 3.4 கோடிக்கும் மேல். முழுசாகக் கேட்டிருந்தால், கேப்பில் இடம் உண்டாக்க ஆந்த்ரே இகுடாலாவையும் ஷான் லிவிங்ஸ்டனையும் கைகழுவ வேண்டியிருந்திருக்கும். அவர் 2.5 கோடிக்கு இறங்கி வந்தார். அவர்கள் இருவரும் தங்கினார்கள், 2018 கோப்பையும் வந்தது.

அதனால் போகிற இடத்தில் கோப்பை வருமா என்று கேட்பதற்கு முன்னால், நான் உள்ளே வந்தால் யார் வெளியே போவார்கள் என்று கேட்க வேண்டும்.

ஆறாவது ஆள்:

அண்ணே, கணக்கில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆட்டம் பொருந்தாவிட்டால் கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? லெப்ரான் ஜேம்ஸ் 2010-இல் கிளீவ்லாண்டை விட்டு மயாமிக்குப் போனதைப் பாருங்கள். லெப்ரான், டுவைன் வேட், கிறிஸ் பாஷ் என்ற மூன்று நட்சத்திரங்களுமே கொஞ்சம் குறைத்து வாங்கினார்கள், யுடோனிஸ் ஹாஸ்லமுக்கும் மைக் மில்லருக்கும் இடம் வந்தது. காகிதத்தில் ஓட்டையே இல்லை. ஆனால் சீசன் தொடக்கத்தில் 9 வெற்றி, 8 தோல்வி.

காரணம் எளிது. லெப்ரானும் வேடும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வளையத்தை நோக்கிப் பாய்கிறவர்கள். ஒருவர் பாயும்போது மற்றவர் மூலையில் நின்றால், அவரைக் காக்க வேண்டியவர் அவரை விட்டுவிட்டு உள்ளே வந்து வழியை அடைத்துவிடலாம். இருவருமே மூன்று புள்ளிக்குப் பயப்பட வைக்கிறவர்கள் இல்லை. 2011 இறுதிச் சுற்றில் டல்லஸ் இடையிடையே ஸோன் (ஆளை அல்ல, இடத்தைக் காக்கும் தடுப்பு முறை) போட்டு இதைத்தான் பயன்படுத்தியது. லெப்ரானின் சராசரி 17.8 புள்ளிக்கு இறங்கியது.

மருந்து கிடைத்தது 2012 பிளேஆஃபில் (லீக் ஆட்டங்களுக்குப் பிறகு வரும் நாக்அவுட் தொடர்கள்), அதுவும் ஒரு காயத்தால். இண்டியானா தொடரில் பாஷுக்கு வயிற்றுத் தசையில் அடிபட்டது. பயிற்சியாளர் எரிக் ஸ்போல்ஸ்ட்ரா ஆட்களை இடம் மாற்றி ஆடவிட்டார். பாஷ் திரும்பி வந்ததும் அவரையே, வழக்கமாக வளையத்தருகே நிற்கும் சென்டர் ஆக்கினார். பெரிய ஆள் ஒருவர் குறைந்து, தூரத்திலிருந்து எறிகிறவர் ஒருவர் கூடினார், உள்ளே வழி திறந்தது. அந்தக் கோடையில் தூர எறிவில் பேர்போன ரே ஆலனும் சேர்ந்தார். 2012, 2013 இரண்டு கோப்பை. அதாவது மூன்று நட்சத்திரங்கள் சேர்ந்த பிறகும் ஆட்டம் பிடிபட இரண்டு சீசன் ஆனது.

டுராண்டுக்கு அந்தத் தொல்லை ஏன் வரவில்லை? பந்து கையில் இல்லாத நேரத்திலும் அவரை விட்டு யாரும் நகர முடியாது. 2017 பிளேஆஃபில் கோல்டன் ஸ்டேட் 16 வெற்றி, 1 தோல்வி. மாறப்போகிற வீரரிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: பந்து இல்லாமல் அவர் எவ்வளவு ஆபத்தானவர்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். லெப்ரான் போனதும் கிளீவ்லாண்ட் 61 வெற்றியிலிருந்து 19-க்கு விழுந்தது, தொடர்ந்து 26 ஆட்டம் தோற்றது. அந்த ஊர்க்காரர்கள் கோபப்பட்டதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன்.

கடைசி நொடி:

நீங்கள் இருவரும் வென்ற கதைகளையே எடுத்துக்கொண்டீர்கள். 2019 கோடையையும் பாருங்கள். டொராண்டோவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த கையோடு காவாய் லெனார்ட் கிளிப்பர்ஸுக்குப் போனார், 3 வருஷம், 10.3 கோடி. கேப்பில் அவருக்கு இடம் இருந்தது. ஆனால் துணைக்கு இன்னொரு நட்சத்திரம் வேண்டும் என்றதால், ஓக்லஹோமா சிட்டியிலிருந்து பால் ஜார்ஜைக் கொண்டுவர கிளிப்பர்ஸ் கொடுத்த விலை: ஷே கில்ஜஸ்-அலெக்ஸாண்டர், கலினாரி, 5 முதல் சுற்று டிராஃப்ட் தேர்வுகள் (புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகள்), 2 தேர்வு மாற்று உரிமைகள் (தேர்வு இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை).

அதில் ஒரு தேர்வுதான் 2022-இல் 12-ஆம் இடத்தில் வந்த ஜேலன் வில்லியம்ஸ். ஷே 2025-இல் எம்விபி, அதே வருஷம் ஓக்லஹோமா சிட்டி சாம்பியன். கிளிப்பர்ஸுக்குக் கிடைத்தது 2021-இல் ஒரே ஒரு மேற்குப் பிரிவு இறுதிச் சுற்று, அதற்குள் காவாய்க்கு முழங்கால் தசைநார் கிழிந்திருந்தது.

பிறகு ஜார்ஜும் 2024-இல் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார், 4 வருஷம், சுமார் 21.2 கோடி. அப்போது வயது 34. முதல் சீசனில் அவர் ஆடியது 41 ஆட்டம், அணி 24 வெற்றி, 58 தோல்வி. வயது முப்பதைத் தாண்டியவருக்குக் கொடுக்கும் நான்காவது வருஷப் பணம் பழைய ஆட்டத்துக்கான சம்பளம். வீரருக்கு அது லாபம்தான். கூட ஆட நல்ல ஆட்களைச் சேர்க்க முடியாமல் திணறுவது அணி.

வலைவிளிம்பு:

கடைசி நொடி சொன்ன விலையை நான் தொடவே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். இன்றைய விதிகளையும் சேர்த்துப் பார்த்தால் தங்குகிறவர் பக்கம் இன்னும் கனக்கிறது.

சொந்த அணி 5 வருஷம் கொடுக்கலாம், வருஷம் 8 சதவீத உயர்வு. வேறு அணி 4 வருஷம், 5 சதவீதம். உயர்வு எப்போதும் முதல் வருஷச் சம்பளத்தின் மேல்தான். முதல் வருஷம் 100 என்று வைத்தால் சொந்த அணியில் மொத்தம் 580, வெளியே 430. வரியையும் கூட்டிக்கழிக்க வேண்டும்: டெக்சாஸிலும் ஃப்ளோரிடாவிலும் மாநில வருமான வரி இல்லை, கலிஃபோர்னியாவில் மேல் அடுக்கு 13.3 சதவீதம். ஆனால் வெளியூர் ஆட்டங்களுக்கு அந்தந்த மாநிலமும் வரி பிடிக்கும், அதனால் டெக்சாஸின் ஹூஸ்டனுக்குப் போனால் வரியே இல்லை என்று சிலர் சொல்வது தப்பு.

2016 மாதிரி கேப் தாவலும் இனி வராது, வருஷ ஏற்றத்துக்கு 10 சதவீதம் என்று கட்டு போட்டாயிற்று. 2025-26-இல் கேப் 15 கோடியே 46 லட்சம், கேப்புக்கு மேலே கடுமையான கட்டுப்பாடுகள் தொடங்கும் எல்லையான இரண்டாவது ஏப்ரன் 20 கோடியே 78 லட்சம். அதைத் தாண்டிய அணி இரண்டு பேர் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை டிரேடில் (வீரர் பரிமாற்றத்தில்) வாங்க முடியாது, டிரேடில் பணமும் கொடுக்க முடியாது. மூன்று உச்சபட்சச் சம்பளக்காரர்களைச் சேர்த்தால் பெஞ்சில் யார் உட்காருவார் என்ற கேள்விக்கு ஜூலையிலேயே பதில் வேண்டும்.

சைன் அண்ட் டிரேட் (பழைய அணி ஒப்பந்தம் போட்டு உடனே வேறு அணிக்கு அனுப்புவது) என்றால் இன்னும் கவனம். அப்படி ஒரு வீரரை வாங்கும் அணிக்கு இரண்டாவதற்குக் கீழே உள்ள முதல் ஏப்ரன் தாண்ட முடியாத சுவராகிவிடும். 2019-இல் டுராண்ட் புரூக்ளினுக்குப் போனபோது கோல்டன் ஸ்டேட் அவருக்குப் பதிலாக டி'ஆஞ்சலோ ரஸலை இப்படித்தான் வாங்கியது. அந்த வருஷச் சுவர் 13.89 கோடி. அதற்குள் அடங்குவதற்காக மெம்ஃபிஸுக்குத் தள்ளிவிடப்பட்டவர், டுராண்ட் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு தக்கவைத்த அதே இகுடாலா. அவரை வாங்கிக்கொள்வதற்கு ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.