ஹியூகோ: ஆயத்தத் தீம் போதுமா, சொந்தமாக எழுதுவதா?

குளக்கட்டு (கிளிநொச்சி) எழுதியது:

எங்கள் சனசமூக நிலையத்துக்கும் கமக்காரர் அமைப்புக்கும் சேர்த்து ஓர் இணையத்தளம் செய்துகொண்டிருக்கிறேன். நிலையான இணையத்தளங்களைக் கட்டித் தரும் ஹியூகோ என்ற கருவியைத் தெரிவு செய்தேன். கட்டணமில்லாத இடத்தில் வைக்கலாம், தரவுத்தளம் தேவையில்லை, இணைப்பு இல்லாத நேரத்திலும் மடிக்கணினியிலேயே முழுத் தளத்தையும் ஓட்டிப் பார்க்கலாம். முகப்பில் மூன்று விடயங்கள் வர வேண்டும்: இரணைமடுக் குளத்தின் இன்றைய நீர்மட்டம், காலபோகக் (மாரிகால நெற்செய்கை) கூட்டத் தீர்மானங்கள், வாசிகசாலைக்கு வந்த புதிய நூல்கள்.

ஆயத்தத் தீம் (தளத்தின் தோற்றத்தைத் தரும் கோப்புத் தொகுப்பு) ஒன்றை இறக்கி, அதன் கோப்புறைக்குள்ளேயே பதினொரு கோப்புகளைத் திருத்தினேன். போன வாரம் தீமின் புதிய பதிப்பை எடுத்தவுடன் நான் செய்த அத்தனை மாற்றமும் அழிந்துவிட்டது. மூன்று இரவு வேலை. மீண்டும் தொடங்குவதற்கு முன் கேட்கிறேன்: இதே தீமோடு வேறு முறையில் போவதா, அல்லது சொந்தமாக ஒன்றை எழுதுவதா? விதைப்புத் தொடங்குவதற்குள் தளம் வேண்டும்.

மாங்குளம் சந்தி எழுதியது:

தம்பி, தீமில் பிழை இல்லை. அதன் கோப்புறைக்குள் கைவைத்ததுதான் பிழை. ஹியூகோ ஒரு பக்கத்தைக் கட்டும்போது முதலில் உங்கள் தளத்தின் ‘லேஅவுட்ஸ்’ (பக்க வார்ப்புருக்கள்) கோப்புறையைப் பார்க்கும். அங்கே கிடைக்காவிட்டால்தான் தீமுக்குள் போகும். ஆகவே தீமின் அடிப்பகுதியை மாற்ற வேண்டுமானால் அந்த ஒரு கோப்பை மட்டும் அதே பெயரில், அதே பாதையில் உங்கள் பக்கத்தில் படியெடுத்து வைத்து, அதிலே திருத்துங்கள். தீமை எத்தனை தடவை புதுப்பித்தாலும் உங்கள் படி அப்படியே இருக்கும். ‘மேலும் வாசிக்க’ போன்ற சொற்களுக்கு லேஅவுட் பக்கமே போகத் தேவையில்லை. மொழிபெயர்ப்புக் கோப்புறையில் தமிழுக்கென ஒரு கோப்பு வைத்தால் போதும்.

பதினொரு கோப்புகள் என்கிறீர்கள். உட்கார்ந்து பார்த்தால் நான்கு கூட மிஞ்சாது. மற்றவை நிறமும் அளவுமாகத்தான் இருக்கும், அவற்றைத் தனி நடைத்தாளில் (CSS) எழுதலாம். பேப்பர்மாட் போன்ற தீம்களில் அதற்கென்றே ஒரு கோப்புறை இருக்கிறது. அதில் போடும் நடைத்தாள் தானாகச் சேர்ந்துகொள்ளும். ஒரு பின்னேரத்தில் முடிகிற வேலை.

மல்லாவி ரீச்சர் எழுதியது:

முறை சரிதான். ஆனால் படியெடுத்த கோப்பு அன்றோடு உறைந்துவிடும் என்பதை மாங்குளம் சந்தி சொல்லவில்லை. தீம் எழுதியவர் நாளை தன் கோப்பில் ஒரு வழுவைத் திருத்தினால், அது உங்கள் படிக்கு வராது. அவர் ஒரு துணைக்கோப்பின் பெயரை மாற்றினால், உங்கள் படி பழைய பெயரையே தேடும், தளம் கட்டப்படாமல் நின்றுவிடும். ஐந்தாறு கோப்புகளை இப்படி எடுத்த பிறகு பாதி அவருடையது, பாதி உங்களுடையது. எதை யார் ஏன் அப்படி எழுதினார் என்று அடுத்ததாக வருகிறவருக்குப் புரியாது.

இரண்டாவது காரணம்தான் எனக்குப் பெரியது. இந்தத் தீம்கள் தமிழுக்காக வெட்டித் தைத்தவை அல்ல. பாடசாலைச் சஞ்சிகைக்காக நான் ஒரு தளம் செய்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன். தலைப்புகளுக்கு எழுத்திடைவெளியை இறுக்கி வைத்திருந்தார்கள். ஆங்கிலத் தலைப்புக்கு அது அழகு. நான் ‘புதுக்குடியிருப்பு’ என்று எழுதினேன். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. வரியுயரம் 1.2. தலைப்பு இரண்டு வரியாக மடிந்தபோது மேல்வரியில் இருந்த ‘ழு’வின் வால், கீழ்வரி ‘டீ’யின் சுழியில் போய் முட்டியது. மேற்கோள்கள் எல்லாம் சாய்வெழுத்து. தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்ந்த வடிவமே கிடையாது, ஆகவே உலாவி நிமிர்ந்த எழுத்தைப் பிடித்து வளைத்துவிடுகிறது. நான்காம் வகுப்புப் பிள்ளை எழுதிய கவிதையை அந்தக் கோலத்தில் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. அந்தத் தீம் வெளிச் சேவையகம் ஒன்றிலிருந்து எழுத்துரு இறக்கியது. அந்த எழுத்துருவில் தமிழ் எழுத்தே இல்லை. அண்ட்ராய்டு கைத்தொலைபேசிகளில் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருப்பதால் எழுத்து என்னவோ சரியாகத்தான் தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு வாசகரும் தன் டேட்டாவைச் செலவழித்து, பயன்படாத ஒரு பொருளை இறக்கிக்கொண்டிருந்தார். சிக்னல் ஒரு கோட்டில் நிற்கிற இடங்களில் வாழ்கிறவர்களிடம் அந்தச் செலவைச் சுமத்தலாமா?

மாங்குளம் சந்தி எழுதியது:

ரீச்சர், நீங்கள் சொன்ன குறைகள் எல்லாம் உண்மை. நானும் பட்டிருக்கிறேன். ஆனால் எழுத்திடைவெளி பூச்சியம், வரியுயரம் 1.6, மேற்கோளுக்கு நிமிர்ந்த எழுத்து, எழுத்துருப் பட்டியலில் கைத்தொலைபேசியின் சொந்த எழுத்துரு என்று நடைத்தாளில் எழுதினால் நான்கு வரியில் நான்கும் தீரும். எழுத்துரு இறக்குகிற வரியை நீக்கத் தலைப்பகுதிக் கோப்பு ஒன்றைப் படியெடுத்தால் போதும். மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்துவார்களா?

சொந்தமாக எழுதுகிறபோது இழப்பதையும் கணக்கில் எடுங்கள். நல்ல தீம் ஒன்றைப் பல நாடுகளில் பல பேர் பயன்படுத்தி, முறைப்பாடு செய்து, திருத்தியிருக்கிறார்கள். திரைவாசிப்பான் பாவிக்கிறவர் பட்டியலைத் தாண்டி நேரே உள்ளடக்கத்துக்குப் போகும் வழி, விசைப்பலகையால் மட்டும் நகர்கிறவருக்கான அடையாளம், இருண்ட பின்னணியில் எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையிலான வேறுபாடு, இவையெல்லாம் முதல்முறை எழுதுகிறவருக்கு நினைவில் வராது. எங்கள் ஊர்களில் பார்வை இழந்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று வன்னியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அவர்களில் கைத்தொலைபேசியை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்தியோடை (RSS), தேடுபொறிகளுக்கான தளவரைபடம், வட்ஸ்அப்பில் பகிரும்போது வருகிற முன்னோட்டம் இவற்றையும் நீங்களே எழுத வேண்டும்.

ஏ9 பயணி எழுதியது:

ஏன் இவ்வளவு சிரமம்? வேர்ட்பிரஸ் போட்டால் நிலையத்தின் செயலாளரே உள்ளே போய் எழுதிவிடுவார். ஹியூகோவில் யார் எழுதப் போகிறார்கள்?

குளக்கட்டு எழுதியது:

அண்ணா, முன்பு அதுதான் இருந்தது. செய்தவர் வேலைக்கு வெளிநாடு போனார். புதுப்பிக்க ஆள் இல்லாமல், ஒருநாள் முகப்பு முழுவதும் யாரோ போட்ட விளம்பரமாக நின்றது. எழுதுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்; செயலாளர் வட்ஸ்அப்பில் அனுப்புவார். பழைய அறிவித்தல்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை, அவற்றை யுனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கேள்வியை இத்துடன் விடுவோம்.

அறிவியல் நகர் மாணவி எழுதியது:

இரண்டு பக்கமும் வாசித்தேன். நான் ரீச்சர் பக்கம்.

மாங்குளம் அண்ணா சொன்ன செய்தியோடை, தளவரைபடம், பகிர்வு முன்னோட்டம் மூன்றுக்கும் வார்ப்புருக்கள் ஹியூகோவுக்குள்ளேயே இருக்கின்றன. செய்தியோடையும் தளவரைபடமும் எதுவும் எழுதாமலே வரும். முன்னோட்டத்துக்கு ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். பக்கம் பிரித்தலும் அப்படியே. தீம் இல்லாவிட்டால் இவை போய்விடும் என்பது சரியில்லை.

அடுத்தது, ஹியூகோ வேகமாக மாறுகிற கருவி. 0.110இல் அமைப்புக் கோப்பின் பெயர் மாறியது. 0.128இல் பக்கம் பிரிக்கும் அமைப்பு மாறியது. 2025இல் வந்த 0.146இல் வார்ப்புருக் கோப்புறைகளின் ஒழுங்கே மாறியது. பழைய ஒழுங்கைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது என்றாலும், கவனிக்க ஆளில்லாத தீம்கள் இப்படிப்பட்ட மாற்றங்களில்தான் உடைகின்றன. உங்கள் கையில் நான்கு கோப்புகள் இருந்தால் ஒரு மணித்தியாலத்தில் திருத்துவீர்கள். வேறொருவருடைய அறுபது கோப்புகள் இருந்தால் அவர் திருத்தும் வரை காத்திருப்பீர்கள்.

பலர் அகப்படுகிற இடம் ஒன்றையும் சொல்கிறேன். கோப்புகளின் பதிப்புகளைப் பேணும் கிட் (Git) கருவியில் தீமைத் துணைக்களஞ்சியமாகச் சேர்த்துவிட்டு, இன்னொரு கணினியில் வெறுமனே படியிறக்கினால் தீம் கோப்புறை வெறுமையாக வரும். ஹியூகோ ‘லேஅவுட் கோப்பு இல்லை’ என்று எச்சரித்துவிட்டு, பக்கங்களே இல்லாமல் வேலையை முடித்துவிடும். எச்சரிக்கையை வாசிக்காதவருக்கு எல்லாம் நல்லபடி முடிந்தது போலவே தோன்றும். துணைக்களஞ்சியங்களையும் சேர்த்து இறக்கும்படி கட்டளையில் சொல்ல வேண்டும். இதிலே நான் ஒரு முழு நாளை விட்டேன்.

மாங்குளம் சந்தி எழுதியது:

செய்தியோடை பற்றிய திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன், தங்கச்சி. பதிப்பு மாற்றத்துக்கு மருந்து வேறு: தளம் கட்டுகிற இடத்தில் ஹியூகோவின் பதிப்பு எண்ணைப் பூட்டி வையுங்கள். தீமையும் ஒரு குறிப்பிட்ட பதிப்பில் நிறுத்துங்கள். நிலையான தளம், அவசரமாகப் புதுப்பிக்க வேண்டிய தேவை என்ன இருக்கிறது? பூட்டி வைத்தால் மூன்று வருடமும் அப்படியே ஓடும்.

மல்லாவி ரீச்சர் எழுதியது:

பூட்டி வைத்தால் ஓடும். நான்காம் வருடம் திறக்கிறபோது எல்லா மாற்றமும் ஒன்றாக வந்து நிற்கும்.

தீமில் எழுதி வைத்த திகதியைப் பாருங்கள். பலர் ஆங்கில மாத அமைப்பை நேரடியாக எழுதிவிடுகிறார்கள். அதை மாற்றி, மொழிக்கேற்ற திகதியைத் தரும்படி எழுதினேன். தமிழில் வந்தது. ஆனால் வந்த தமிழ் ‘பிப்ரவரி’, ‘ஆகஸ்ட்’, ‘அக்டோபர்’. எங்கள் பத்திரிகைகளிலும் பாடநூல்களிலும் பிள்ளைகள் படிக்கிறது ‘பெப்ரவரி’, ‘ஓகஸ்ட்’, ‘ஒக்டோபர்’. அதனால் ‘டேட்டா’ கோப்புறையில் பன்னிரண்டு மாதங்களையும் நாம் எழுதுகிறபடி ஒரு பட்டியலாக வைத்து, மாத எண்ணைக் கொடுத்து எடுக்கும் சிறு துணைக்கோப்பு ஒன்றை எழுதினேன். ஆறு வரி. அதைச் சொந்த வார்ப்புருவில் ஒரே இடத்தில் அழைத்தேன். அதற்கு முன், ஆயத்தத் தீமில் திகதி எட்டு இடத்தில் இருந்தது. எட்டையும் தேடிப் படியெடுத்திருக்க வேண்டும்.

வாசிப்பு நேரமும் அப்படித்தான். ஹியூகோ நிமிடத்துக்கு 213 சொற்கள் என்று கணக்கிடுகிறது. ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ தமிழில் ஒரு சொல். அதே கருத்துக்கு ஆங்கிலத்தில் மூன்று. எங்கள் கட்டுரைகளுக்கு அந்த நேரம் குறைவாகவே காட்டும். நான் அந்த வரியையே எடுத்துவிட்டேன்.

குளக்கட்டு எழுதியது:

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். வான்கதவு திறப்பு அறிவித்தலைச் சோதனைக்காகக் காலை 8 மணித் திகதியோடு ஏற்றினேன். தளத்தில் வரவில்லை. தீமில்தான் பிழை என்று நினைத்து அரை நாள் தேடினேன். கடைசியில் பார்த்தால், நேர வலயம் குறிப்பிடாத திகதியை ஹியூகோ உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது. எங்கள் நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. ஆகவே நான் எழுதிய காலை 8 மணி, அதன் கணக்கில் எங்கள் நேரம் பிற்பகல் 1.30. இன்னும் வராத நேரத்துப் பதிவென்று தள்ளிவைத்துவிட்டது. அமைப்புக் கோப்பில் நேர வலயத்தைக் கொழும்பு என்று எழுதியவுடன் சரியாகிவிட்டது. நீர்ப்பாசனத் திணைக்களம் சொல்வதைத்தான் நாங்கள் எடுத்துப் போடுகிறோம் என்றாலும், 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட ஊரில் ஐந்தரை மணித்தியாலம் சிறிய விடயம் இல்லை.

இன்னொன்றும் கண்டேன். தீமோடு வந்த மாதிரி அமைப்புக் கோப்பை அப்படியே எடுத்திருந்தேன். அதில் முகவரிகளிலிருந்து மேற்குறிகளை நீக்கும் அமைப்பு இயங்கு நிலையில் இருந்தது. ஐரோப்பிய மொழிகளுக்கு அது உதவும். எங்கள் ‘நீர்’ பக்கத்தின் முகவரி ‘நர’ என்று வந்தது. புள்ளியையும் ஈகாரக் குறியையும் பிடுங்கிவிட்டது. அதை நிறுத்தினேன். இப்போது பக்கங்களுக்கு ரோமன் எழுத்தில் குறுமுகவரி கொடுக்கிறேன். தமிழ் முகவரியை வட்ஸ்அப்பில் ஒட்டினால் ‘மு’ என்ற ஓர் எழுத்தே 18 குறிகளாக நீள்கிறது.

இவை இரண்டும் என் முடிவைத் தீர்த்துவிட்டன. நான் வாசித்துப் பார்க்காத கோப்பு எதுவும் இந்தத் தளத்தில் இருக்கக் கூடாது. சொந்தமாகவே எழுதப் போகிறேன்: அடிப்படைச் சட்டகம், முகப்பு, தனிப்பக்கம், பட்டியல். நீர்மட்டம் ஒரு டேட்டா கோப்பில் அடியும் அங்குலமுமாக இருக்கும். அந்த ஒரு வரியை மாற்றினால் முகப்பு மாறும்.

மாங்குளம் சந்தி எழுதியது:

நேர வலயமும் மேற்குறியும் அமைப்புக் கோப்பின் விடயம், தீமோடு சேர்த்துப் பழி போடாதீர்கள். என் கருத்து மாறவில்லை. ஆனால் எழுதத் துணிந்துவிட்டீர்கள், நல்லது. முடிந்ததும் இணைப்பை அனுப்புங்கள். நான் விசைப்பலகையாலும் திரைவாசிப்பானாலும் ஒருமுறை சோதித்துத் தருகிறேன்.

குளக்கட்டு எழுதியது (ஒன்பது நாட்களின் பின்):

ஏற்றிவிட்டேன். முரசுமோட்டையில் பெரியப்பாவின் பழைய கைத்தொலைபேசியில், வயல் வரம்பில் நின்று திறந்து பார்த்தோம். நீர்மட்டம் உடனே தெரிந்தது. பட்டியலில் ‘கமக்காரர் பகுதி’ இரண்டாக உடைந்தது, அதையும் சரி செய்துவிட்டேன்.

மாங்குளம் சந்தி எழுதியது:

சோதித்தேன். பட்டியலைத் தாண்டிப் போகும் இணைப்பு வேலை செய்கிறது. பக்கத்தின் மொழி ‘தமிழ்’ என்று குறிக்கப்படவில்லை, அதனால் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலில் தடுமாறுகிறது. சட்டகக் கோப்பின் இரண்டாவது வரியில் சேருங்கள். இருண்ட பின்னணியில் நீர்மட்ட எண்ணின் நீலம் மங்கலாக இருக்கிறது.

குளக்கட்டு எழுதியது:

மொழியைச் சேர்த்துவிட்டேன், நீலத்தையும் வெளிறிய நிறமாக்கிவிட்டேன் அண்ணா. இப்போது ஒருமுறை பாருங்கள்.