ரெகுலேட்டரில் காற்றுக் கசிவு: தயாரிப்பாளருக்கு அனுப்புவதா, நாமே பிரிப்பதா?

குளுவாங்வாசி:

வணக்கம். சென்ற ஆண்டு கோலாலம்பூரில் புதிதாக வாங்கிய முக்குளிப்பு ரெகுலேட்டரில் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கேற்ற அழுத்தத்தில் தரும் கருவி) அண்மையில் ஒரு கோளாறு தெரிகிறது. சிலிண்டரைத் திறந்ததும் அமைதியாக இருக்கும் வாய்ப்பகுதி, ஓரிரு நிமிடங்கள் கழித்து மெல்லச் சீறத் தொடங்குகிறது. காற்றைக் கையால் வெளியேற்றும் பர்ஜ் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் நின்று, சற்று நேரத்தில் மீண்டும் சீறுகிறது. உத்தரவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் கடைக்காரர், வெளிநாட்டிலுள்ள தயாரிப்பாளருக்குத்தான் அனுப்ப வேண்டும் என்கிறார். எப்போது திரும்பி வரும் என்று கேட்டால் பதிலில்லை. பருவமழை தொடங்கித் தியோமான் பக்கம் கடல் மூடுவதற்குள் ஒருமுறையாவது இறங்க நினைக்கிறேன். தோட்டத்துச் செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருக்கும் என் மாமா, பாய்லர் வால்வுகளையே கழற்றிப் பூட்டும் தமக்கு இது பெரிய வேலையன்று என்கிறார். என்ன செய்யலாம்?

மெர்சிங் படகுத்துறை:

தம்பி, நீங்கள் விவரித்த விதமே கோளாறு எங்கே என்று பெரும்பாலும் காட்டிவிடுகிறது. நிரம்பிய சிலிண்டரில் ஏறத்தாழ 200 பார் அழுத்தம், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கு, இருக்கும். சிலிண்டரோடு இணையும் பகுதியாகிய முதல்நிலை அந்த அழுத்தத்தை, சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிட 9 அல்லது 10 பார் மட்டுமே கூடுதலாக இருக்கும்படி குறைத்துக் குழாய்க்குள் விடுகிறது. மீதியைக் குறைப்பது வாய்ப்பகுதியாகிய இரண்டாம்நிலை. திறந்த உடனே சீறினால் இரண்டாம்நிலையை ஐயுறலாம். சற்றுப் பொறுத்துச் சீறுவதென்றால், முதல்நிலையின் உயரழுத்த வால்வு சரியாக மூடாமல் குழாயிலுள்ள அழுத்தம் மெல்ல ஏறி, இரண்டாம்நிலையைத் தள்ளித் திறக்கிறது என்று பொருள். இரண்டாம்நிலையின் வால்வு அழுத்தம் மிகுந்தால் திறக்கும்படி அமைந்திருப்பதால் காற்று வராமல் போகாது; ஆனால் ஆழத்தில் முழு வீச்சில் கொட்டத் தொடங்கினால், சிலிண்டர் சில நிமிடங்களிலேயே காலியாகிவிடும்.

குழாயிலுள்ள அழுத்தத்தை அளக்கும் இடையழுத்த மானி வைத்திருக்கும் முக்குளிப்பு நிலையம் எதிலும் இதைச் சோதித்துத் தரச் சொல்லலாம். முள் ஓரிடத்தில் நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தால் ஐயமே இல்லை. சிலர் சீற்றத்தை அடக்குவதற்காக வாய்ப்பகுதியின் திருகை இறுக்கிவிடுவார்கள். அதனால் மூச்சிழுப்பது கடினமாகுமே தவிர, கோளாறு முதல்நிலையில் அப்படியே இருக்கும். உத்தரவாதம் உள்ளவரை நீங்கள் திறக்காதீர்கள்.

ஆலைப் பட்டறை:

முடிவோடு உடன்படுகிறேன், ஆனால் மாமாவின் திறமையைக் குறைத்து எண்ண வேண்டா. உத்தரவாதம் முடிந்த என் பழைய ரெகுலேட்டரை நானே பிரித்துப் பூட்டுகிறேன். பித்தளை உடல், ஒரு சுருள்வில், காற்றுக் கசியாமல் தடுக்கும் சில ஓ-ரிங்குகள் (ரப்பர் வளையங்கள்), வால்வு அமர்ந்து மூடும் ஓர் இருக்கை, அவ்வளவுதான். கைவேலையைவிட உதிரிப்பாகம் கிடைப்பதுதான் பெரும்பாடு. பல தயாரிப்பாளர்கள் பராமரிப்புத் தொகுப்பைப் பயிற்சி பெற்றவர்களுக்கே விற்கிறார்கள். அளவு பொருந்துகிறது என்று பட்டறை டப்பாவிலிருந்து ஓ-ரிங் எடுத்துப் போடுவது சரிவராது. ஆலையில் கைக்கெட்டும் கிரீஸையும் தொடவே கூடாது. உயரழுத்த ஆக்சிஜன் எண்ணெய்ப் பசையைத் தீப்பற்றச் செய்யக்கூடியது. ஆக்சிஜன் செறிவூட்டிய காற்றை நிரப்புகிறவர்களுக்கு இது வெறும் எச்சரிக்கையன்று. வாய்ரப்பரைக் கட்டும் பட்டை, முகக்கண்ணாடியின் வார், துடுப்பின் கொக்கி ஆகியவற்றை மாமாவிடம் தாராளமாகக் கொடுக்கலாம்.

அனுப்புமுன் ஒன்று பாருங்கள். சிலிண்டரோடு இணையும் வாயிலில் சிறு உலோக வடிகட்டி, எதையும் கழற்றாமலே தெரியும். அது பச்சையாக இருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. பழுப்புச் சிவப்பென்றால் எஃகுச் சிலிண்டரின் துரு. இரண்டில் எது இருந்தாலும் பயன்படுத்தியவரின் கவனக்குறைவு என்று சொல்லி உத்தரவாதத்தை மறுக்க இடமுண்டு. கழுவும்போது அந்த வாயிலின் மூடியைப் போடாமலோ, பர்ஜ் பொத்தானை அழுத்திக்கொண்டோ கழுவினால் நீர் இப்படித்தான் உள்ளே போகிறது.

லாபிஸ் தோட்டம்:

வடிகட்டியைப் படமெடுத்து, வரிசை எண், ரசீது, கோளாற்றின் விவரம் ஆகியவற்றோடு கடைக்கு எழுத்திலேயே அனுப்புங்கள். வாய்மொழியாகச் சொன்னது எதுவும் பின்னர் நிற்காது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற பொறுப்பு விற்றவருக்கும் உண்டு. தயாரிப்பாளர் கடல் கடந்து இருக்கிறார் என்பது கடைக்காரருக்குச் சாக்காகாது. இழுத்தடித்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது: 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும், மனுக் கட்டணம் 5 ரிங்கிட், மூன்றாண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். மாமா ஒருமுறை திறந்துவிட்டால், கோளாறு யாரால் வந்தது என்ற வாதத்திலேயே வழக்கு சிக்கிக்கொள்ளும்.

குளுவாங்வாசி:

அனைவருக்கும் நன்றி. வடிகட்டியில் கறை எதுவும் இல்லை. படமெடுத்துக் கடிதத்தோடு கடைக்கு அனுப்பிவிட்டேன். தியோமானில் வாடகைக் கருவியோடு இறங்குகிறேன். முதல்நிலையை மட்டும் அனுப்பினால் போதுமா?

மெர்சிங் படகுத்துறை:

போதாது, தம்பி. இரண்டு நிலைகளையும் குழாயோடு சேர்த்தே அனுப்புங்கள். அவற்றை ஒன்றாக மாட்டித்தான் அழுத்தத்தைச் சரிபார்ப்பார்கள். அழுத்தமானியும் டைவ் கம்ப்யூட்டரும் உங்களிடமே இருக்கட்டும்.