பிரெஞ்சு: பி1 (இடைநிலை) தாண்டி சரளமாக என்ன வழி?

லாஸ்பேட்டை வாசகர்:
வேலைக்காக இல்லை, ஆசைக்காகத்தான் படிக்கிறேன். படித்தால் புரிகிறது, வானொலி போட்டால் பாதி நழுவுகிறது. அடுத்த நிலையான பி2 வரை போக தினமும் என்ன செய்யலாம்?

பதில் 1:
இது இலக்கணப் பிரச்சினை இல்லை, காதுப் பிரச்சினை. பிரெஞ்சில் சொற்கள் ஒட்டிக்கொண்டு வரும். கண்ணுக்குத் தெரிந்த சொல் காதுக்குப் பிடிபடாது. ஆர்எஃப்ஐ என்ற பிரெஞ்சு சர்வதேச வானொலியில் எளிய பிரெஞ்சுச் செய்தி வருகிறது, 10 நிமிடம். அதில் 1 நிமிடத் துண்டை மட்டும் எடுத்து, 3 முறை கேட்டு, கேட்டதை அப்படியே எழுதுங்கள். எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டால், தவறியது சொல் தெரியாததாலா, ஒட்டி வந்ததாலா என்று புரியும். தெரியாத சொல்லை மட்டும் முழு வாக்கியமாக ஆங்கி செயலியில் போடுங்கள்; அது நினைவு அட்டைகளை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் காட்டும். தினம் 10 அட்டை போதும். 30 போட்டால் பழையவை குவிந்து, விட்டுவிடத்தான் தோன்றும்.

பதில் 2:
உச்சரிப்பையும் பாருங்க. 'நீ'ங்கிற தூவும் (tu) 'எல்லாம்'ங்கிற தூவும் (tout) நமக்கு ஒண்ணா கேக்கும். 'ஈ' சொல்லிக்கிட்டே, நாக்கை அசைக்காம உதட்டை மட்டும் குவிங்க. முதல் தூவோட உயிரொலி அதுதான். வாயில பிரிஞ்சாதான் காதுலயும் பிரியும்.

பதில் 3:
பிரெஞ்சுத் திறனுக்குச் சான்றிதழ் தரும் டெல்ஃப் பி2 தேர்வுக்கு, பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் நிறுவனத்தில் விசாரியுங்கள். 4 பகுதி, தலா 25 மதிப்பெண். மொத்தம் 50 வேண்டும், எதிலும் 5-க்குக் கீழே போகக்கூடாது. பேச்சுக்கு ஆள் தேட வேண்டாம், நம் புதுச்சேரியில் சொல்தா (பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்கள்) குடும்பங்களில் பெரியவர்கள் இருக்கிறார்கள். வாரம் 2 முறை, ஒவ்வொரு முறையும் ஒரு தலைப்பு மட்டும். பிழையை நடுவில் திருத்தாமல் கடைசியில் சொல்லச் சொல்லுங்கள்.