[கலைச்சொல்] பசுமைக்குடில் கேஸ் லைனில் தொங்கும் துண்டுக் குழாய்க்கு என்ன பெயர்?

கால்கரியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். சொந்த ஊர் தொண்டி, இப்போது இருப்பது கனடாவின் கால்கரி. கொல்லைப்புறத்தில் சின்னதாக ஒரு பசுமைக்குடில் போட்டிருக்கிறோம். உள்ளே தக்காளி, ஒரு ஓரத்தில் நம்ம ஊர் முண்டு மிளகாய். வெளியே மைனஸ் 20 அடிக்கிற நாட்களில் கரண்ட் ஹீட்டர் கட்டுப்படியாகவில்லை. அதனால் வீட்டு மீட்டரிலிருந்து இயற்கை எரிவாயுக் குழாய் இழுத்து, கேஸ் ஹீட்டர் மாட்டியாயிற்று. அனுமதி வாங்கி, உரிமம் உள்ள பிட்டரை வைத்துத்தான் செய்தோம்.

அடுத்த மாதம் வாப்பா வருகிறார். தொண்டியில் முப்பது வருடம் போட் எஞ்சின் பார்த்தவர். பகலில் குடிலைக் கவனிக்கப்போவது அவர்தான். சுவரில் ஒட்ட ஒரு பக்கக் குறிப்பு தமிழில் எழுதுகிறேன். ஓரிடத்தில் பேனா நிற்கிறது. ஹீட்டருக்குச் சற்று முன்னால், T வடிவ 'டீ' இணைப்பிலிருந்து நேர் கீழாகத் தொங்கும், அடியில் மூடி திருகிய துண்டுக் குழாய். இங்கே பிட்டர் அதை டர்ட் பாக்கெட் என்றார். அமெரிக்கக் கையேட்டில் செடிமென்ட் ட்ராப், டிரிப் லெக் என்று இரண்டு பெயர். தமிழில் என்ன எழுதட்டும்?

ராமநாதபுரத்திலிருந்து:

'வண்டல் பொறி' என்று எழுதலாம். ட்ராப் என்பதற்குப் பொறி ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, எலிப்பொறி மாதிரி.

கீழக்கரையிலிருந்து:

லெக் என்கிறார்களே, 'மண்டிக்கால்' எப்படி? எண்ணெய்க் குடத்தின் அடியில் மண்டி தங்குகிற மாதிரிதானே இதுவும். 'அழுக்குப்பை' மட்டும் வேண்டாம், சலவைக்குப் போட வைத்த துணி ஞாபகம் வருகிறது.

உச்சிப்புளியிலிருந்து:

தங்கச்சி, நான் வளைகுடாவில் இருபத்திரண்டு வருடம் பைப் பிட்டராக ஓட்டியவன். அங்கே எல்லாரும் டிரிப் லெக் என்றுதான் சொல்வோம். தமிழில் ஒரு பெயர் வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. இப்போது தோன்றினால் அதற்குக் காரணம் உங்கள் வாப்பா.

முதலில் அது செய்யும் வேலையைப் பார்த்துவிடுவோம். அங்கே வீட்டுக்குள் வரும் எரிவாயுவின் அழுத்தம் வழக்கமாக 7 அங்குலத் தண்ணீர் அளவுதான். 'யு' வடிவக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி ஒரு முனையை லைனில் செருகினால், இரண்டு பக்க மட்டத்துக்கும் ஒரு சாண் வித்தியாசம்கூட வராது. அந்த மெல்லிய ஓட்டத்தோடு துரு, தூசி, மரை வெட்டிய சீவல், சில நேரம் ஈரமும் வரும். ஹீட்டரின் வால்விலோ, வாயு வெளிவரும் ஜெட்டின் ஊசித்துளையிலோ போய் உட்கார்ந்தால் தீர்ந்தது. அதனால்தான் வாயுவை மேலிருந்து கீழாக 'டீ'க்குள் இறக்கி, பக்கவாட்டில் திருப்பி ஹீட்டருக்கு அனுப்புகிறார்கள். வாயு திரும்பிவிடும். கனமான துகள் திரும்பாது, நேரே விழுந்து மூடியின்மேல் கிடக்கும். அதற்காக 3 அங்குல நீளமாவது விட வேண்டும். உள்ளே வலை கிடையாது, அசைகிற பாகம் கிடையாது.

ஒருமுறை ஒரு பெரிய சமையற்கூடத்தில் இதைப் போடாமலே லைன் இழுத்துவிட்டேன். அவசரம், இடமும் நெருக்கடி. மூன்றாம் நாள் ஒரு அடுப்பு மட்டும் மஞ்சளாக நாக்கு நீட்டிப் புகைந்தது. ஜெட்டைக் கழற்றினால் தலைமுடி கனத்தில் ஒரு இரும்புச் சுருள், கட்டிங் ஆயிலில் நனைந்து பளபளவென்று இருந்தது. நான் மரை வெட்டும்போது உள்ளே விழுந்ததுதான். மேஸ்திரியிடம் வாங்கிய வசவை இங்கே எழுத முடியாது.

இப்போது பெயருக்கு வருவோம். ராமநாதபுரத்து ஐயா கோபிக்கக் கூடாது. கேஸ் லைன் குறிப்பில் 'பொறி' என்று எழுதுவது எனக்குப் பயமாக இருக்கிறது. படிக்கிறவருக்கு முதலில் தீப்பொறிதான் மனதில் வரும். 'ஹீட்டருக்கு முன்னால் பொறி இருக்கிறது' என்று எழுதினால் வாப்பா அடுத்த விமானத்தில் திரும்பிவிடுவார். வண்டலும் பொருந்தவில்லை. நம் பக்கம் வண்டல் என்றால் செல்வம். கோடையில் கண்மாயில் வண்டலும் கரம்பையும் அள்ளி வயலுக்குக் கொண்டுபோகிறோம். குழாயில் விழுகிற துருவை எந்த வயலில் போடுவது?

மண்டிக்கால் நல்ல சொல்தான், ஆனால் நம் ஜில்லாவில் மண்டி என்றால் மிளகாய் மண்டி. அதுவும் மிளகாய்ச் செடிக்குப் பக்கத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். கால் என்றால் தரையில் ஊன்ற வேண்டும், பந்தக்கால் மாதிரி. இது அந்தரத்தில் தொங்குகிறது.

நான் சொல்வது 'கசடுதாங்கி'. இடிதாங்கி, சுமைதாங்கி என்று ஏற்கெனவே வாயில் பழகிய அச்சு. ஆங்கிலக்காரர் ஒருவர் பொறியைப் பார்த்தார், ஒருவர் காலைப் பார்த்தார், ஒருவர் சட்டைப்பையைப் பார்த்தார். அந்தப் படங்களை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

இன்னொன்று, இது பெயரைவிட முக்கியம். குறிப்பில் வெறும் 'கேஸ்' என்று எழுதாதீர்கள். வாப்பாவுக்குக் கேஸ் என்றால் சிலிண்டர். அது காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். உங்கள் குழாயில் வருவது காற்றைவிட லேசு, கூரைக்கு ஏறும். மூக்கை எங்கே வைப்பது என்பதே மாறிவிடுகிறது. வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து போன் செய்ய வேண்டும், அது இரண்டுக்கும் பொது. 'இயற்கை எரிவாயு' என்று முழுசாக எழுதி, 'நம்ம வழுதூர் மின்நிலையத்தில் எரிப்பது' என்று பக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு 143 கிலோமீட்டர் குழாய் 2021 பிப்ரவரியில் திறந்தார்களே, அதில் போவதும் இதுதான். சட்டென்று பிடிபடும்.

'பசுமைக்குடில் வாயுக் குழாய்' என்றும் எழுத வேண்டாம். பூமி சூடாகிற செய்தியில் வருகிற பசுமைக்குடில் வாயு என்று படித்துவிடுவார்கள். மீத்தேனும் அந்தக் கூட்டத்தில் ஒன்று என்பதால் மறுக்கவும் முடியாது.

கீழக்கரையிலிருந்து:

கால் போனதில் வருத்தம்தான், சரி. எனக்கு வேறு சந்தேகம். நமக்கு மார்கழியிலும் நிழல்வலை தேவைப்படுகிறது, சூடேற்றுகிற குடிலைக் கண்டதில்லை. கேஸ் உள்ளேயே எரிந்தால் செடிக்கு ஆகுமா?

உச்சிப்புளியிலிருந்து:

நல்லா எரிந்தால் வருவது கரியமில வாயுவும் நீராவியும், செடிக்கு அதில் நஷ்டமில்லை. அரைகுறையாக எரிந்தால்தான் ஆபத்து. ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடு வரும், கூடவே எத்திலீனும் வரும். வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்க வைக்கிறோமே, புகையில் அந்த வேலையைச் செய்வது இதே எத்திலீன். காயைப் பழுக்க வைக்கிற அதே சரக்கு, தக்காளி இலையை வளைத்துக் கீழே தொங்கவிடும், பூவை உதிர்க்கும். அதனால் புகைபோக்கி உள்ள ஹீட்டர்தான் நல்லது. புகைபோக்கிக்குப் புதுச்சொல் தேட வேண்டாம், அதைவிட நல்லது கிடைக்காது.

ராமநாதபுரத்திலிருந்து:

பொறியைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒரு தடை. தாங்குதல் என்றால் கீழிருந்து பாரம் சுமப்பது. இங்கே கசடு தங்குகிறது, அவ்வளவே. 'கசடுத்தேக்கி' சரியாக இருக்காதா?

உச்சிப்புளியிலிருந்து:

ஐயா, தேக்கி என்றால் வேண்டுமென்று சேர்த்துவைப்பது, நீர்த்தேக்கம் போல. கசடை யார் சேமிப்பார்கள்? இடிதாங்கியும் இடியைச் சுமப்பதில்லையே, வீட்டுக்கு விழ வேண்டியதைத் தான் வாங்கிக்கொள்கிறது. இதுவும் ஹீட்டருக்குப் போக வேண்டியதைத் தான் வாங்கிக்கொள்கிறது.

கால்கரியிலிருந்து:

கசடுதாங்கி என்றே எழுதி ஒட்டிவிட்டேன். வாப்பா வந்து பத்து நாள் ஆகிறது. முதல் நாளே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். துண்டுக் குழாயை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "டீசல் பில்டருக்கு அடியில கிண்ணம் இருக்கும்ல, அதோட தம்பி" என்றார். உடனே பாக்கெட்டிலிருந்து ஸ்பானரை எடுத்தார். ஓடிப்போய்த் தடுத்தேன். போட்டில் டீசல் கிண்ணத்தை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவிய கை அது.

குறிப்பில் ஒரு வரி கூட்டியிருக்கிறேன்: 'கசடுதாங்கியின் மூடியை நாமாகக் கழற்றக் கூடாது. பிட்டர் வந்து வால்வை அடைத்த பிறகு அவரே கழற்றுவார்.'

அப்புறம் ஒரு சேதி. அவர் வாயில் அது 'கசடாங்கி' ஆகிவிட்டது. இப்போது என் மகனும் அப்படித்தான் சொல்கிறான். நம் கலைச்சொல் பட்டியலில் எதைப் பதிவது?