ரிப்போர்ட் நேரத்தில் கீழே விழுந்த டிக்கட்: மலையகத் தாதியர் அனுபவப் பகிர்வு

லிந்துலைக்காரி:

நான்கு வருடமாகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை ஆரம்பிக்கிறேன். உங்களுக்கும் இப்படி இருந்தால் எழுதுங்கள். ஆஸ்பத்திரிப் பெயர் வேண்டாம்.

அன்று எனக்கு மோர்னிங் டியூட்டி. பத்தரை மணிபோல ஒரு தோட்டத்து லொறியில் குளவி கொட்டிய ஏழு பெண்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டும் படங்குத் துணியைக்கூட யாரும் அவிழ்த்திருக்கவில்லை. அங்கிருந்த டொக்டருக்குத் தமிழ் வராது. வழக்கம்போல எங்கள் வார்டுக்கு ஃபோன் பண்ணி என்னைக் கூப்பிட்டார்கள். மருந்து ட்ரொலியைக் கூட வேலை செய்த பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனேன்.

அதில் ஒரு அம்மா, "நாக்கு தடிக்குது மிஸ், நெஞ்ச அடைக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லோருமே அழுதுகொண்டிருந்ததால் அவர் வலியில் அனத்துகிறார் என்று விட்டிருந்தார்கள். நான் டொக்டரிடம் சொன்னதும் ஓடிவந்து பார்த்தார். தொடையில் அட்ரினலின் போட்டார்கள். அரை மில்லிதான். அந்த அரை மில்லி ஏறுவதற்கு முதலில் அந்த அம்மாவின் வார்த்தை சிங்களத்தில் போய்ச் சேர வேண்டியிருந்தது.

ஒரு மணிக்கு அடுத்த ஷிஃப்டுக்கு நோயாளர் விவரம் சொல்லி ரிப்போர்ட் கொடுக்க நின்றபோது வார்டுப் பொறுப்பான சிஸ்டர் கேட்டார், "நீ நர்ஸா, மொழிபெயர்ப்பாளரா? யாரைக் கேட்டு வார்டை விட்டுப் போனாய்?" நான் பதில் சொல்லத் தொடங்கினேன். கையில் இருந்த டிக்கட்டை, அதாவது நோயாளியின் சிகிச்சைக் குறிப்புத் தாள்களை, மேசையில் எறிந்தார். அது வழுக்கிக் கீழே விழுந்து, கிளிப் கழன்று, தாள்களெல்லாம் நிலத்தில் பரவிவிட்டன. அடுத்த ஷிஃப்ட் பிள்ளைகள் மூன்று பேர், ஒரு சின்ன டொக்டர், அட்டெண்டன்ட் எல்லோரும் நின்றார்கள். ஒருவரும் அசையவில்லை.

மூன்றாம் கட்டிலில் ஒரு பாட்டி இருந்தார். வலது கையில் மருந்து ஏற்றும் கனுலாவோடு கட்டிலை விட்டு இறங்கி வந்து, குனிந்து அந்தத் தாள்களைப் பொறுக்க ஆரம்பித்தார். "விடுங்க பாட்டி" என்றேன். "நீ போ கண்ணு, நான் எடுக்கிறேன்" என்றார். கை தாழ்ந்ததால் ட்யூபில் இரத்தம் திரும்பி ஏறியிருந்தது. நான் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் நான் குனிந்திருக்க வேண்டும். குனியவில்லை.

அன்று மாலையே விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள்.

தெமோதரை ரோஜா:

படித்ததும் கை நடுங்கிவிட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும் அக்கா, இதை மொழிப் பிரச்சினையாக மட்டும் பார்க்காதீர்கள். என்னை நடத்தியவர் தமிழ்தான்.

பயிற்சி முடித்து முதல் நியமனம். எங்கள் ஸ்கூலில் உயர்தரத்துக்கு விஞ்ஞானப் பிரிவே கிடையாது. பதுளைக்குப் போய்த் தங்கிப் படித்து, அப்புறம் மூன்று வருடம் இங்கிலீஷில் பாடம் படித்து முடித்து வந்தவள் நான். வார்டில் ஒரு சீனியர் அக்கா, டவுன் குடும்பம். முதல் நாளே "அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டார். தோட்டத்தில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறார் என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

அடுத்த கிழமை தேத்தண்ணி ஊற்றும்போது பார்த்தேன், ஒரு கோப்பையின் அடியில் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. காயத்துக்கு ஒட்டும் அதே பிளாஸ்டர். மற்றக் கோப்பைகள் தட்டில் ஒன்றாக இருந்தன, அது மட்டும் ஜன்னல் விளிம்பில் தனியாக. அது என்னுடையது என்று யாரும் சொல்லவில்லை. எட்டு நாள் அதிலேயே குடித்தேன்.

ஒன்பதாம் நாள் சிங்கள அட்டெண்டன்ட் அம்மா ஒருவர் அந்தப் பிளாஸ்டரை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, கோப்பையைத் தட்டில் மற்றதோடு வைத்தார். என்னிடமும் ஒன்றும் பேசவில்லை, அந்த அக்காவிடமும் பேசவில்லை. பசை மட்டும் போகாமல் கறுப்பாக ஒட்டிக்கொண்டே இருந்தது.

பொகவந்தலாவை மகள்:

நான் நர்ஸ் இல்லை. எல்லோரும் உங்கள் கஷ்டத்தையே எழுதுகிறீர்கள், கோபிக்காதீர்கள், எனக்கும் சொல்ல இருக்கிறது.

தம்பி பிறந்தபோது எனக்குப் பதினொரு வயது. அம்மாவைப் பார்க்க ஆச்சியோடு போயிருந்தேன். வார்டில் ஒரு தமிழ் மிஸ், "தோட்டத்துச் சனம், குளிக்காமலே வந்துவிடுங்கள், சொன்னால் ஒன்றும் விளங்காது" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினார். அம்மா முதல் நாள் இரவு இரண்டு மணிக்கு, மழையில், கொழுந்து ஏற்றும் ட்ரெக்டரில் வந்தவர். எங்கே குளிப்பது? அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க மிஸ், சரிங்க மிஸ்" என்று சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

லிந்துலை அக்கா, உங்கள் வார்டுப் பாட்டி குனிந்து பொறுக்கினாரே, அது உங்கள் மேல் பாசத்தில் மட்டும் செய்தது என்றா நினைக்கிறீர்கள்? எங்கள் ஆட்களுக்குக் கீழே எது விழுந்தாலும் குனிவதுதான் பழக்கம். அதையும் யோசியுங்கள்.

நைட் டியூட்டி, பசறை:

பொகவந்தலாவைத் தங்கச்சி, உங்கள் அம்மாவுக்கு நடந்தது பெரிய தப்பு. ஆனால் எந்த நர்ஸுக்கு எதைச் சொல்லலாம் என்று இந்த இடத்தில் தராசு பிடிக்கத் தேவையில்லை. இரவில் நாற்பது நோயாளருக்கு நாங்கள் இரண்டு பேர் நின்றிருக்கிறோம். அதைச் சாக்காகச் சொல்லவில்லை, நிலைமையைச் சொல்கிறேன்.

என் கதை சின்னது. 2022இல் பெட்ரோல் இல்லாத காலம், உங்களுக்குத் தெரியும். பைக்கை வீட்டில் வைத்துவிட்டு, மூன்று மைல் நடந்து, மரக்கறி லொறியில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். ஏழு பத்து. கையெழுத்துப் புத்தகத்தில் பிந்தி வருபவர்களைப் பிரிக்கும் சிவப்புக் கோடு போட்டாயிற்று. நான் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தேன். எனக்குப் பிறகு, ஏழரைக்கு ஒருவர் வந்தார். அவர் பெயருக்கென்று கோட்டுக்கு மேலே ஒரு வரி காலியாக விடப்பட்டிருந்தது. என் கண்முன்னாலேயே அதில் கையெழுத்து வைத்தார். அந்தக் காலி வரியை இருபது நிமிஷத்துக்கு முன்பே பார்த்தேன், தவறிப்போய் விட்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

ஓய்வுபெற்ற சிஸ்டர், கண்டி:

பிள்ளைகளே, எல்லாவற்றையும் படித்தேன். நானும் வார்ட் சிஸ்டராக இருந்தவள். எனக்கு நடந்தது ஒரே வரி: ஒரு நோயாளிக்கு மருந்து மாறிப்போனதை நான் மறைக்காமல் டிக்கட்டில் எழுதினேன், அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒரு பண்டிகைக்கும் எனக்கு லீவு கிடைக்கவில்லை. அதை விடுங்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. நீங்கள் யாருமே எழுதி வைக்கவில்லை. அன்றன்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். திகதி, நேரம், எந்த வார்ட், யார் நின்றார்கள், சொன்ன வார்த்தை எந்த மொழியில் சொல்லப்பட்டதோ அதே மொழியில். "திட்டினார்" என்று எழுதினால் அதற்குப் பெறுமதியில்லை. விளக்கம் கேட்டால், கேட்பதையே எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லுக்கு எழுத்தில் பதில் கொடுக்காதீர்கள். கொடுக்கும் கடிதத்தில் ஒரு பிரதி எடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் திகதியும் வாங்குங்கள்.

லிந்துலைத் தங்கச்சிக்குத் தனியாக ஒன்று. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை என்று ஒன்று வந்தது. 2007 ஜூலை 1க்குப் பிறகு அரச சேவைக்கு வந்தவர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது அது. ஆகவே தமிழ் தெரிந்த ஒரு நர்ஸைக் கூப்பிட்டுச் சமாளிப்பது நீங்கள் செய்த குற்றமாகாது, அந்த இடம் தன் கடமையைச் செய்யாததன் விளைவு. அரச கரும மொழிகள் ஆணைக்குழு 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தில் உருவானது, மொழி விஷயத்தில் முறைப்பாட்டை அங்கே கொடுக்கலாம். பாகுபாடு என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழு, தொலைபேசி 1996, கண்டியிலும் பதுளையிலும் பிராந்தியக் காரியாலயம் இருக்கிறது. அடிப்படை உரிமை வழக்கை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அவர்கள் விசாரிக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. இது பலருக்குத் தெரியாமல் நாள் கடந்துபோகிறது. பாலியல் ரீதியாகக் கைவைத்தல், அசிங்கமாகப் பேசுதல் என்றால் தண்டனைச் சட்டக்கோவை 345ஆம் பிரிவு இருக்கிறது, பொலிஸுக்கே போகலாம்.

இன்னொன்று. தனியாகப் போகாதீர்கள். கூட நின்று பார்த்த ஒருவரையாவது அதே நாளில் எழுத வையுங்கள். ஆறு மாதம் கழித்து யாருக்கும் எதுவும் நினைவிருக்காது. இட மாற்றம் கேட்டு ஓடுவதும் வேண்டாம், போகிற இடத்துக்கு உங்கள் பெயர் உங்களுக்கு முன்னால் போய்விடும்.

நைட் டியூட்டி, பசறை:

சிஸ்டர், மரியாதையோடு சொல்கிறேன். பார்த்தவரை எழுத வைக்கச் சொல்கிறீர்கள். பார்த்தவருக்கும் அதே சிஸ்டர்தானே அடுத்த மாத டியூட்டிப் பட்டியல், அந்த ரோஸ்டர் போடுவது? ஓ.டி., அதாவது மேலதிக நேரக் கொடுப்பனவு, இல்லாமல் எங்கள் சம்பளத்தில் வீட்டுக் கடன் கட்ட முடியாது. ஓ.டி. யார் கையில் இருக்கிறது? சட்டம் இருக்கிறது, சரி. அந்தச் சட்டத்துக்கும் எனக்கும் நடுவில் அந்த ரோஸ்டர் தாள் இருக்கிறது.

ஹட்டன் தனியார்:

நீங்கள் எல்லோரும் அரசாங்கம். எங்களைப் போல தனியாரில் இருப்பவர்களுக்கு ரோஸ்டரைப் பற்றி வாயே திறக்க முடியாது.

பத்தொன்பது வயதில் சேர்ந்தேன். சேரும்போது சாதாரண தர, உயர்தர ஒரிஜினல் சேர்ட்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருடம் கழித்து விலகப் போகிறேன் என்றபோது, பயிற்சிக்குச் செலவான காசைக் கட்டிவிட்டு எடுத்துக்கொள் என்றார்கள். பயிற்சி என்று எதுவும் நடக்கவில்லை, முதல் கிழமையே கட்டில் துடைக்க விட்டார்கள். ஒபிஸ் கண்ணாடி அலுமாரியில் என் ஃபைல் தெரியும், முதுகில் என் பெயர். தினமும் அதைக் கடந்துதான் டியூட்டிக்குப் போனேன். ஏழு மாதம்.

சம்பளத்தில் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) என்று 8 வீதம் வெட்டினார்கள். அவர்கள் போட வேண்டிய 12 வீதமும், ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் போய்ச் சேரவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. தொழில் திணைக்களத்துக்குப் போனேன். போன பிறகு சேர்ட்டிபிகேட் மூன்றே நாளில் கைக்கு வந்தது. சிஸ்டர் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது, ஏனென்றால் எனக்கு அது நடந்தது. ஆனால் அந்த ஒபிஸுக்குள் என்னோடு வந்து நின்றது என் அப்பா மட்டும். அன்று தோட்டத்தில் ஒரு நாள் பேர், ஒரு நாள் சம்பளம், போய்விட்டது அவருக்கு.

தெமோதரை ரோஜா:

பசறை அண்ணாவும் சிஸ்டரும் பேசுவதில் நான் அண்ணா பக்கம். என் கோப்பைக்கு எந்தப் பிரிவில் முறையிடுவது? பிளாஸ்டர் ஒட்டினார் என்று எழுதினால், தங்கள் கோப்பை மாறக்கூடாது என்று அடையாளம் போட்டோம் என்பார்கள்.

லிந்துலைக்காரி:

பொகவந்தலாவைத் தங்கச்சி எழுதியதை மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். முதலில் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தேன். என் ஆச்சியும் அப்படித்தான் குனிவார். துரை வந்தால், கங்காணி வந்தால், கிளாக்கர் ஐயாவின் பேனா விழுந்தால்கூட. நீங்கள் சொன்னது சரியாக இருக்கலாம். அப்படியென்றால் எனக்கு அது இன்னும் பாரமாக இருக்கிறது.

சிஸ்டர், விளக்கக் கடிதம் எழுதினேன். பிரதி எடுக்கவில்லை. குளவி கொட்டிய அம்மா சொன்ன வார்த்தையைத் தமிழிலேயே எழுதி, கீழே சிங்களத்திலும் எழுதினேன். அதை வாங்கிப் படித்துவிட்டு, "இவ்வளவு நீளம் தேவையில்லை" என்று திருப்பித் தந்தார். "அனுமதியின்றி வார்டை விட்டுச் சென்றது என் தவறு" என்று ஒரு வரி எழுதச் சொன்னார். எழுதினேன். அது என் ஃபைலில் இருக்கிறது. அந்த அம்மா பிழைத்தது எந்த ஃபைலிலும் என் பெயரோடு இல்லை. அது எனக்குத் தேவையும் இல்லை. ஆனால் அந்த ஒரு வரியை எடுத்துவிட முடியுமா என்று யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.

பாட்டி பொறுக்கித் தந்த தாள்களைப் பிறகு நான்தான் அடுக்கினேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பாதித் தாள்கள் தலைகீழாக இருந்தன. அடுத்த நாள் எனக்கு டே ஓஃப். திரும்பி வந்தபோது அந்தக் கட்டிலில் வேறு ஆள். அவரை அட்மிட் பண்ணும்போது டிக்கட்டில் விலாசம் எழுதியது நான்தான், தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்து நம்பர் எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினேன். இப்போது ஒன்றும் நினைவில் வரவில்லை.