மறு: கஸ்டடி – வளர்ப்புரிமையா, பிள்ளைப் பொறுப்பா?

வணக்கம்.

பெற்றோர் பிரியும்போது பிள்ளை யாரிடம் இருப்பது என்பதைச் சட்டத்தில் கஸ்டடி என்கிறார்கள். நம் சொற்பட்டியலில் அதற்குத் தமிழில் என்ன போடலாம் என்று இந்த மடல் இழையில் வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். காவல், பாதுகாப்பு, வளர்ப்புரிமை மூன்றில் வளர்ப்புரிமைக்குத்தான் ஆதரவு அதிகம் தெரிகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. குடும்ப நீதிமன்றத்துக்குப் போகிறவர்களின் மனுக்களைத் தமிழில் எழுதவும் படித்துக் காட்டவும் உதவுகிறவன் என்பதால், இந்தச் சொற்கள் கட்சிக்காரர் காதில் எப்படி விழுகின்றன என்பது எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காவல் வேண்டவே வேண்டாம். போலீஸ் காவல், நீதிமன்றக் காவல் என்று தினமும் செய்தித்தாளில் படிக்கிறவனுக்கு 'குழந்தை தாயின் காவலில்' என்றால் என்ன தோன்றும்?

பாதுகாப்பு என்பதில் வேறு சிக்கல். பாதுகாவலர் என்ற சொல்லை கார்டியனுக்கு, அதாவது பிள்ளைக்காகச் சட்டப்படி முடிவெடுக்கிறவருக்கு, ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். சட்டத்தில் கார்டியன் வேறு, கஸ்டடி வேறு. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் (18 வயது நிறையாதவர்) மற்றும் பாதுகாவலர் சட்டம், பிரிவு 6, தந்தையை இயற்கைப் பாதுகாவலர் என்கிறது, அவருக்குப் பின் தாய். ஆனால் அதே பிரிவு, 5 வயது நிறையாத பிள்ளை வழக்கமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதாவது பாதுகாவலர் ஒருவர், பிள்ளை இருப்பது இன்னொருவரிடம். 'அவருக்குப் பின்' என்பதற்கு அவர் இறந்த பின் என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது, தந்தை பொறுப்பேற்காத நிலையிலும் தாய் பாதுகாவலராகலாம் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு என்று கையெழுத்துப் போடப் போகிற ஒவ்வொரு இடத்திலும் இந்த வேறுபாடு வந்து நிற்கும். இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல் வைத்தால் தனியாகப் பிள்ளை வளர்க்கிற அம்மாக்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.

இனி வளர்ப்புரிமை. நண்பர் ஒருவர் 'வளர்ப்பு என்றாலே வளர்ப்புத் தாய், வளர்ப்பு மகன் நினைவு வருகிறதே' என்று கேட்டிருந்தார், சரியான கேள்வி. பெற்ற தாய்க்கு வளர்ப்புரிமை வழங்கித் தீர்ப்பு என்று எழுதினால், ஏதோ தத்தெடுத்த பிள்ளை போலத்தான் படும். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய தடை 'உரிமை'தான். அதே சட்டத்தின் பிரிவு 13 என்ன சொல்கிறது? இளவரின் நலனே முதன்மையானது. அம்மாவுக்கு எவ்வளவு உரிமை, அப்பாவுக்கு எவ்வளவு உரிமை என்று நீதிமன்றம் தராசு பிடிப்பதில்லை, பிடிக்கவும் கூடாது. யாரிடம் இருந்தால் பிள்ளைக்கு நல்லது, பள்ளி கெடாமல் இருக்குமா, விவரம் தெரிந்த வயதென்றால் பிள்ளையே என்ன சொல்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். நாமோ உரிமை என்று ஒரு சொல்லைக் கொடுத்து, சொத்து வழக்கு மாதிரி 'என் உரிமையைப் பிடுங்கிவிட்டாள்', 'என் உரிமையை விடமாட்டேன்' என்று இரண்டு பக்கமும் மல்லுக்கட்ட வழி செய்கிறோம்.

என் பரிந்துரை: பிள்ளைப் பொறுப்பு.

நானாகக் கண்டுபிடித்த சொல் இல்லை. 'பிள்ளைங்க இப்ப யார் பொறுப்புல இருக்கு?' என்று ஊரில் கேட்பதுதானே. குழந்தை என்று போடாததற்குக் காரணம், சட்டம் 18 வயது வரைக்கும் பேசுகிறது. பதினாறு வயதுப் பையனைக் குழந்தை என்று எழுதக் கை கூசுகிறது, பிள்ளை என்றால் எந்த வயதுக்கும் பொருந்தும்.

அடுத்தது ஜீவனாம்சம். கஸ்டடியைவிட அவசரமாகப் பிரிக்க வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். வழக்கு நடக்கும்போது கேட்கிற இடைக்காலத் தொகை (இந்து திருமணச் சட்டம் பிரிவு 24), தீர்ப்போடு வரும் நிரந்தரத் தொகை (பிரிவு 25), பிள்ளைக்கான தொகை (பிரிவு 26), குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய பிரிவு 125-க்குப் பதில் 2024 ஜூலை முதல் வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 144, எல்லாவற்றுக்கும் நாம் ஒரே ஜீவனாம்சத்தைத்தான் போடுகிறோம். விளைவு என்ன? பிள்ளையின் பணமும் மனைவியின் பணமாகவே கணவன் மனதில் பதிகிறது. அவள்தான் வேலைக்குப் போகிறாளே, நான் எதற்குக் கொடுக்க வேண்டும் என்கிறார். அவள் மறுமணம் செய்துகொண்டால் எல்லாம் நின்றுவிடும் என்று நம்புகிறார். மறுமணத்தைக் காட்டி மனைவிக்கான தொகையை மாற்றவோ ரத்து செய்யவோ கேட்கலாம், பிள்ளைக்கானது அதனால் போய்விடாது. பெண்கள் பக்கமும் இதே குழப்பம் உண்டு. சீக்கிரம் முடிந்தால் போதும் என்று 'இனி ஜீவனாம்சம் எதுவும் கோரமாட்டேன்' என்று பரஸ்பர சம்மத விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிள்ளைக்கும் சேர்த்துத்தான் விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று வருடக்கணக்கில் கேட்காமலே இருக்கிறார்கள். தாய் தனக்கானதை விட்டுக்கொடுத்ததால் பிள்ளையின் பங்கு அழிந்துவிடாது. இந்தச் செய்தி அவர்களுக்குப் போய்ச் சேராததற்கு நம் சொல்லும் ஒரு காரணம், அதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஆகவே ஜீவனாம்சம் துணைவருக்கு மட்டும் இருக்கட்டும். பிள்ளைக்குரியதைப் பிள்ளைச் செலவுத் தொகை என்போம். பேச்சில் பிள்ளைச் செலவு போதும். இலங்கையில் தாபரிப்பு என்று சட்டத்திலேயே இருக்கிறது, 1999-இல் வந்த தாபரிப்புச் சட்டம். நல்ல சொல்தான், 'பிள்ளைத் தாபரிப்பு' அங்குள்ளவர்களுக்கு உடனே புரியும். இங்கே விளக்க வேண்டியிருக்கும் என்பதால் அதை இணைச்சொல்லாகப் பட்டியலில் சேர்க்கலாம்.

விசிட்டேஷனுக்கு, அதாவது பிள்ளை தன்னிடம் இல்லாத பெற்றோர் வந்து பார்ப்பதற்கு, 'பார்வையிடும் உரிமை' என்று யாரோ போட்டிருந்தீர்கள். ஆய்வாளர் பள்ளிக்கூடத்தைப் பார்வையிடுவது போல இருக்கிறது, தயவுசெய்து நீக்கிவிடுங்கள். நேரில் பார்ப்பது சந்திப்பு நேரம். ஆனால் 2020-இல் யஷிதா சாஹு வழக்கில், வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருக்கிற பெற்றோர் தொலைபேசியிலும் வீடியோ அழைப்பிலும் பிள்ளையோடு பேச வழி இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல பிள்ளைத் தொடர்பு என்று வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்வேன்.

எனக்கு முடிவு கிடைக்காமல் நிற்பது ஜாயின்ட் கஸ்டடி, அதாவது பிள்ளையின் பொறுப்பைத் தாயும் தந்தையும் சேர்ந்தே ஏற்பது. சட்ட ஆணையம் 2015-இல் தன் 257-ஆவது அறிக்கையில் இதை அனுமதிக்கப் பரிந்துரைத்த பிறகு, மனுக்களிலும் கேட்கிறார்கள். கூட்டுப் பொறுப்பு என்று எழுதலாம் என்றால் அந்தச் சொல் ஏற்கெனவே அமைச்சரவையின் கூட்டுப் பொறுப்பு என்பதற்குப் போய்விட்டது. இருவர் பொறுப்பு என்றால் யார் அந்த இருவர் என்ற கேள்வி வரும். பெற்றோர் இணைப்பொறுப்பு என்பது என் மனதில் இருக்கிறது, கொஞ்சம் நீளம். சட்டத் தமிழில் பழகிய பெரியவர்கள் இழையில் இருக்கிறீர்கள், அடுத்த மடலில் இதை மட்டும் எடுத்துப் பேசுங்களேன்.